வாய்க்காலில் போட்ட வைஸ்

கண்ணு,

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுத்து அனுப்புகிறேன். கொண்டு வருகிற பக்கத்து ஊட்டு எஸ்தர் படித்தாலும் படிக்கட்டும், ரூமில் உன்னோடு தங்கியிருக்கிற பையன்கள் படித்தாலும் படிக்கட்டும். உன்னிடம் நான் ஒரு பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னேன். அதைத் திரும்ப எடுக்கும்போது மட்டும் கவருக்குள் வைத்து ஒட்டினால் நியாயமாக இருக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ ரயில் ஏறுகிறாய் என்று எஸ்தர் சொன்னாள். மும்பை போய், அங்கிருந்து ஏரோப்ளேன் ஏறி, மூன்று வருடத்துக்குத் திரும்ப முடியாத ஊருக்குப் போகிறாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ எதை நம்பிக்கொண்டு போகிறாயோ அது உண்மை இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ ரயில் ஏறிவிட்டால், பெற்றவள் இடத்தில் இருந்து உன்னை வளர்த்த இந்தப் பெரியம்மா எத்தனை கோயிலில் எத்தனை விளக்குப் போட்டாலும் கரை சேரமாட்டாள்.

நேரில் சொல்லத்தான் பார்த்தேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எஸ்தரின் செல்லில் இருந்து அடித்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். போன வாரம் டிபன் கேரியரில் உனக்குப் பிடித்த பச்சைப்பயிறு கடைந்து எடுத்துக்கொண்டு, பல்லடத்தில் பஸ் மாறி, உன் பனியன் கம்பெனி வாசலுக்கே வந்தேன். வாட்ச்மேன், "யாருங்கம்மா வேணும்?" என்றார். "மெக்கானிக்குங்க. நெட்டையா இருப்பான், நெத்தியில ஒரு தழும்பு" என்றேன். "மெக்கானிக் நாலு பேர் இருக்காங்கம்மா. எந்த செக்சனுங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை கண்ணு. உன் சட்டை அளவு தெரியும், எந்தக் கிழமை உனக்குத் தலைவலி வரும் என்று தெரியும், நீ எந்த செக்சனில் ஆறு வருடமாக நிற்கிறாய் என்று ஒரு நாள் கேட்டிருக்கவில்லை. ஷிப்ட் விட்டது. இந்தி பேசிக்கொண்டு ஒரு கூட்டம், நம்ம ஊர்ப் பெண்கள் ஒரு கூட்டம், அதற்குப் பின்னால் நீ வந்தாய். என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று நீ சொன்னாலும் நான் நம்பமாட்டேன், ஏனென்றால் அடுத்த நிமிடம் நீ திரும்பி உள்ளே போய்விட்டாய். பயிறு என்னோடு ஊட்டுக்கே திரும்பி வந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். கோயில் மலரும் பஸ் போர்டும் படிக்கிறவள். ஆதியிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்.

நீ முதல் வைஸை வாங்கி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பழைய இரும்புக் கடையில் இருந்து மொபெட் முன்னால் வைத்துக் கட்டி, ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து சேர்ந்தாய். இரும்பா மண்ணா என்று தெரியாத அளவுக்குத் துரு. "இது என்ன கண்ணு, முதலை வாய் மாதிரி?" என்றேன். "வைஸ் பெரிம்மா. டேபிள் ஓரத்துல போல்ட் போட்டு நட்டு வெச்சு, இந்தக் கைப்பிடியை முறுக்குனா ரெண்டு தாடையும் சேர்ந்து சாமானைக் கெட்டியாப் புடிச்சுக்கும். அப்புறம் ரம்பம் போட்டு அறுக்கலாம், அரம் போட்டுத் தேய்க்கலாம். மூணாவது கை மாதிரிங்க" என்றாய். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம். கம்பெனியில் மிஷின் நிற்கும், ஊட்டில் மிக்சி நிற்கும், உன் ஆட்டுக்கொட்டகைப் பட்டறையில் மட்டும் வேலை நிற்காது. ஆடு விற்ற பிறகு அந்தக் கொட்டகையில் நான் விறகு போட்டிருந்தேன். நீ விறகை ஓரம் கட்டிவிட்டு, பழைய கதவு ஒன்றைப் பலகையாகப் போட்டு, உன் உலகத்தை அங்கே கட்டிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு எத்தனை வைஸ் வந்தது, எத்தனை போனது! இரும்புக் கடையில், மூடிப்போன தறிப் பட்டறையில், ஏலத்தில், எங்கேயோ எல்லாம் பிடித்து வருவாய். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போவாய். வைஸை எடுத்ததும் நீ விலை கேட்கமாட்டாய். ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவாய். "கேளுங்க பெரிம்மா. மணி அடிச்ச மாதிரி கேட்டா நல்ல இரும்பு. ஓட்டைச் சட்டி மாதிரி கேட்டா உள்ள விரிசல்." பிறகு தாடையை மூடி வானத்துக்கு நேராகப் பிடித்து, நடுவில் வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்ப்பாய். புதுப் பெயிண்ட் அடித்து மினுக்கி வைத்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவாய். ஒரு தடவை பச்சைப் பெயிண்ட் வைஸ் ஒன்றை நகத்தால் சுரண்டினாய், விரிசலை அடைத்துவைத்த பட்டி உள்ளே இருந்து உதிர்ந்தது. கடைக்காரர், "என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி மூக்கு முழியெல்லாம் பாக்கறீங்க" என்று கிண்டல் பண்ணினார். "பொண்ணுக்குப் பவுடர் போட்டா பரவாயில்லீங்க, ஒடைசலுக்குப் போடக் கூடாதுங்க" என்றாய். அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

என் புளி வேலையையும் நீ மறந்திருக்கமாட்டாய். ஒரு வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் தேய்த்த கையோடு, மிச்சப் புளியை எடுத்துப்போய் உன் வைஸின் திருகையும் தேய்த்துக் கழுவி வைத்தேன். "என்ன பெரிம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று தலையில் கை வைத்தாய். "பளபளன்னு ஆயிருச்சு பாரு கண்ணு" என்றேன். "நாளைக்குப் பாருங்க" என்றாய். மறுநாள் பார்த்தால் திருகு முழுவதும் செம்மண் பூசியது போல இருந்தது. "இரும்பைக் குளிப்பாட்டினா சளி புடிச்சுக்கும் பெரிம்மா. தொடைச்சுக் காய வெச்சு எண்ணெய் தடவணும்" என்று சொல்லிவிட்டு, கோபப்படாமல் அரை நாள் உட்கார்ந்து தேய்த்தாய். தெரியாமல் செய்த தப்பு அது. சரிபண்ணிவிடலாம். தெரிந்து செய்த தப்புக்கு வருகிறேன்.

அதற்கு முன் உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கச்சி காய்ச்சலில் போனபோது உனக்கு மூன்று வயது. செத்தவர்கள் சாமான் பச்சைப்பிள்ளை இருக்கிற ஊட்டில் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. அவள் சேலை, பொட்டுச் சிமிழ், தையல் ஊசி குத்தி வைத்த தலைகாணி உறை வரைக்கும் எடுத்துப்போய் நெருப்பில் போட்டேன். உனக்குப் பதினாறு வயதில் நீ கேட்டாய், "அம்மா சாமான் ஒண்ணுகூட இல்லீங்களா பெரிம்மா?" என்று. "மழையில நனைஞ்சு மக்கிப் போச்சு கண்ணு" என்றேன். மக்கவில்லை. நான்தான் எரித்தேன். உனக்கு நான் சொன்ன முதல் பொய் அது, இன்றைக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ஒவ்வொருவரும் புதுச் சாமானுக்கு ஆசைப்படும்போது நீ ஏன் யாரோ கைபட்ட பழசையே தேடித் தேடி வாங்குகிறாய் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பழைய வைஸில் யாராவது பெயரின் முதல் எழுத்தைப் பஞ்ச் வைத்து அடித்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் துரு தேய்க்கிற எமரித்தாள் போடாமல் சுற்றிவிட்டுத் தேய்ப்பாயே, அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இந்த வருடம் ஆடி கழிந்து நீ பல்லடத்தில் இருந்து அந்தப் பெரிய வைஸைக் கொண்டுவந்தாய். தறி மெக்கானிக் ஒருவர் இறந்துபோய், அவர் பட்டறையைக் காலி பண்ணுகிறார்கள், அவர் சம்சாரம் சரசுதான் கொடுத்தது என்று சொன்னாய். "இரும்புக் கடைக்குப் போட மனசு வரலைங்கறாங்க பெரிம்மா. அவர் சாமானை நல்லா வெச்சுக்குவேன், ஆயுத பூசைக்கு வந்து நீங்களே பொட்டு வெச்சுட்டுப் போலாம்னு சொல்லியிருக்கேன்" என்றாய். நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். பத்து நாள் நீ அதோடேயே கிடந்தாய். கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ் போட்டு, கிரீஸ் தடவி, நீலப் பெயிண்ட் அடித்தாய். கைப்பிடியைச் சுண்டிவிட்டால் தானாகச் சுற்றிக்கொண்டே போனது. உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வருடக்கணக்கு ஆகியிருந்தது.

அந்த வாரம் தாராபுரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பொம்பளை பல்லடத்துக் கதை பேசிக்கொண்டு வந்தாள். பேச்சு வாக்கில், "அந்தத் தறி மெக்கானிக்கு வைஸ் கைப்பிடியைப் புடிச்சபடியே உயிர் போயிருச்சாமுங்க. விரலைப் பிரிச்சு எடுத்தாங்களாமா" என்றாள். இறங்கி வந்தால் நீ அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். என் தங்கச்சி போனாள், உன் பெரியப்பா போனார், மிச்சம் இருப்பது நீ ஒருத்தன். உன்னிடம் கேட்டிருக்கலாம். சரசுவிடம் போய்க் கேட்டிருக்கலாம். நான் கருப்பராயன் கோயிலுக்குப் போனேன்.

பூ கேட்டேன். உனக்குத் தெரிந்த வழக்கம்தான்: வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி இலையில் கட்டி சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வைப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அன்று சாயந்திரம் நீ வந்ததும், "அந்த இரும்பு ஊட்ல இருக்கலாமான்னு பூ கேட்டேன் கண்ணு, சிவப்பு வந்துருச்சு" என்று சொன்னேன். எஸ்தரும் அவள் வீட்டுக்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள். "ஆயுத பூசை வரைக்குமாவது இருக்கட்டும் பெரிம்மா. அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கேன்" என்று மட்டும் கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, மறுநாள் நீ வேலைக்குப் போனதும் எஸ்தரை மொபெட்டோடு கூப்பிட்டேன்.

எஸ்தர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அவள் வாய் உனக்குத் தெரியும். "ஏக்கா, இரும்புக்குப் பேய் பிடிக்குமா? அப்படிப் பிடிக்கும்னா எங்க கம்பெனில ஒரு மிஷின்கூட ஓடாதுல்லா" என்றாள். "நீ சும்மா வா புள்ள" என்று அதட்டினேன். இரண்டு பேரும் தூக்க முடியாமல் தூக்கி, வாய்க்கால் பாலத்து மேல் வைத்துத் தள்ளிவிட்டோம். தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. டொங் என்று கல்லில் ஒரு சத்தம், அதற்குப் பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. எஸ்தர், "அவன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்றாள். "சாமி சொல்லுச்சுன்னு சொல்லு" என்றேன். நீ வந்து கேட்டபோது அவள் அதையேதான் சொன்னாள்.

ஆயுத பூசை அன்று நடந்ததை நீயும் பார்த்தாய், இருந்தாலும் எழுதுகிறேன். நான் எழுதித்தான் ஆக வேண்டும். சரசு பல்லடத்தில் இருந்து பஸ் பிடித்து வந்தாள். கையில் ஒரு பொட்டலம் சந்தனம், கொஞ்சம் சாமந்தி. "ஏனுங்க, தம்பி இருக்குதுங்களா? அவரு சாமானுக்கு ஒரு பொட்டு வெச்சுட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்று வாசலிலேயே நின்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான்தான் முந்திக்கொண்டு, "சாமி வேண்டாம்னு உத்தரவு குடுத்துருச்சுங்க, வாய்க்கால்ல விட்டுட்டமுங்க" என்றேன். அந்தப் பெண் அழவில்லை. சண்டை போடவில்லை. "அப்படிங்களா. சரிங்க. சாமி சொன்னா சரிங்க" என்றாள். காபி குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றாள். சந்தனப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நீ பின்னாலேயே போனாய். பஸ் ஏற்றிவிட்டு வந்து, கொட்டகைக் கதவைச் சாத்தினாய். மிச்சம் இருந்த மூன்று வைஸையும் அன்றைக்கே யாருக்கோ கொடுத்துவிட்டாய். பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "சாமி மேல எனக்குக் கோவமில்லீங்க பெரிம்மா. நான் குடுத்த சொல்லை சாமியே வேண்டாம்னுட்டா, அப்புறம் இந்த ஊட்ல நான் எந்த மூஞ்சியோட சாமான் தொடறது?"

இப்போது கேள் கண்ணு. உட்கார்ந்துகொண்டு படி.

வந்தது வெள்ளை. பூசாரி பொட்டலம் கட்டி, அவர் பேத்தியை விட்டு எடுக்கச் சொன்னார். குழந்தை எடுத்துப் பிரித்தது, முழு வெள்ளை நந்தியாவட்டை. பூசாரி, "சம்மதம் குடுத்துட்டாருங்க. சந்தோசமாப் போங்க" என்றார். என் நெஞ்சு ஆறவில்லை. "இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமுங்களா சாமி?" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன ரேசன் கடைங்களா, திரும்பத் திரும்ப வந்து நிக்கறதுக்கு? ஒருக்காச் சொன்னா சொன்னதுதாங்க" என்று திருநீறு கொடுத்து அனுப்பினார். மறுநாள் அவர் இல்லாத நேரம் பார்த்து நானே போனேன். நானே இலை பறித்தேன், நானே கட்டினேன், நானே எடுத்தேன். நந்தியாவட்டை மெத்தென்று இருக்கும். செவ்வரளி கொத்தாக வைத்திருந்தேன், பொட்டலம் கொஞ்சம் புடைத்துத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன் என்று என்னையே இத்தனை நாள் ஏமாற்றிக்கொண்டேன். கண் மூடித்தான் இருந்தது, எது சிவப்பு என்று கைக்குத் தெரிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்துதான் அன்று சாயந்திரம் உன்னிடம் சொன்னேன். ஐம்பது வருடமாகக் கோயிலுக்கு நடந்த கால் இது. விரதம் இருந்த வயிறு இது. பயம் வந்த இடத்தில் சாமியின் வாயையே பிடித்துத் திருப்பிவிட்டேன். உன்னைக் காப்பாற்றப் போகிறேன் என்று உன்னைத் துரத்திவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் தப்பில் இருந்து எடுத்துக்கொள்ள முடிந்ததை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், பயம் வரும். பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடு. அதற்குச் சாமி வேஷம் போடாதே. "கண்ணு, அந்தக் கைப்பிடியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால், நீ சிரித்திருப்பாய், இல்லை கோபப்பட்டிருப்பாய், அதோடு போயிருக்கும்.

வாய்க்காலில் பாசனத்துக்கு விடுகிற முறைத் தண்ணீர் நிறுத்திய அன்றே நான் இறங்கினேன். முட்டிக்கு மேல் சேறு. எஸ்தர் கரையில் நின்றுகொண்டு, "உங்களுக்குச் சுகர் இருக்குக்கா, கால்ல ஏதாச்சும் கிழிச்சா ஆறாது, ஏறுங்க மேல" என்று கத்தினாள். பிறகு அவளே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். மூன்றாம் நாள்தான் காலில் தட்டுப்பட்டது. கயிறு கட்டி மேலே இழுத்தோம். உன் நீலப் பெயிண்ட் பாதிக்கு மேல் போய்விட்டது. திருகு துருப்பிடித்து, கைப்பிடி அசையவே இல்லை. நீ செய்ததை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன் இல்லையா, அதையே செய்தேன். ரேசன் மண்ணெண்ணெயை எல்லாம் பழைய சட்டியில் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு, இத்தனை நாளாக விறகில்தான் சமைக்கிறேன். தினமும் காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன் போய்க் கைப்பிடியை அசைத்துப் பார்ப்பேன். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. நீ போகிற நாள் ஒவ்வொன்றாக நெருங்கிக்கொண்டிருக்கிறது, அது கல் மாதிரி நிற்கிறது. கருப்பராயனைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன், அதன் மேலேயே தலையை வைத்து அழுதேன். அழுத கண்ணீரைத் துடைத்துவிட்டு எண்ணெய் தடவினேன், சளி பிடித்துக்கொள்ளும் என்று நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா. ஐந்தாம் நாள் நூலளவு அசைந்தது. எஸ்தரும் நானும் கைப்பிடியில் குழாயைச் சொருகி இரண்டு பேரும் தொங்கினோம், க்ரீச் என்று திறந்துகொண்டது. "ஸ்தோத்திரம்" என்றாள் அவள். "கருப்பராயா" என்றேன் நான்.

சேற்றைத் துடைக்கும்போது தாடைக்குக் கீழே பஞ்ச் வைத்து அடித்த இரண்டு எழுத்துத் தெரிந்தது. அவர் பெயராக இருக்கும். எமரித்தாளை அங்கே கொண்டுபோகவில்லை. பிறகு ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். தாடையும் உடம்பும் மணியாகத்தான் கேட்கிறது. ஆனால் அடியில் போல்ட் போடுகிற நான்கு காதில் ஒன்று உடைந்துவிட்டது. பாலத்தில் இருந்து தள்ளியபோது கல்லில் பட்ட இடம். கொட்டகை அலமாரியில் உன் பட்டி டப்பா இருந்தது, நீலப் பெயிண்டும் மிச்சம் இருந்தது. ஒரு நிமிடம் கையில் எடுத்துவிட்டேன், மறைக்கமாட்டேன். வைத்துப் பூசியிருந்தால் உனக்குத் தெரிய நாளாகியிருக்கும். பூசவில்லை. உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது. மூன்று காதில் போல்ட் போட்டுப் பலகையில் நிறுத்தியிருக்கிறேன், பிடிக்கிறது.

முந்தாநாள் பல்லடம் போய் சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தறி நாடாவுக்கு நூல் சுற்றுகிற தார் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப மொதல்ல வெள்ளைதான் வந்துச்சுங்களா?" என்றாள். "ஆமாங்க" என்றேன். கையில் இருந்த நூலைக் கீழே வைத்தாள். பிறகு, "அவரு கைப்பிடியைப் புடிச்சுட்டே போனாருன்னு பஸ்ல சொன்னாங்களாக்கும். நெசந்தானுங்க. நெஞ்சு வலி வந்ததும் கீழ விழாம அதைப் புடிச்சுட்டு நின்னாருங்க. விழுந்திருந்தா சிமெண்டுத் தரைங்க, மண்டை ஒடைஞ்சு அப்பவே போயிருப்பாரு. நான் ஓடி வர்ற வரைக்கும் நின்னாரு. என்னைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போனாருங்க" என்றாள். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நான் எதைப் பேய் என்று தண்ணீரில் போட்டேனோ, அதுதான் அவருக்கு அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அவள் காலைத் தொடப் போனேன். "அய்யோ, பெரியவங்க நீங்க, எந்திரிங்க" என்று தூக்கிவிட்டாள். "வெள்ளிக்கிழமை காத்தால வர்றனுங்க, சந்தனம் அப்படியேதான் இருக்குது. தம்பி இருந்தா நல்லாருக்குமுங்க. இல்லாட்டியும் வருவனுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, கண்ணு. உன் ரயில் மத்தியானம். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், பல்லடத்துக்கு முதல் பஸ் பிடித்தால் வந்துவிட்டுப் போகலாம். என்னிடம் பேச வேண்டாம். என் கையால் காபி குடிக்க வேண்டாம். வந்து அந்தப் பெண் முன்னால், நீ சொன்ன சொல் நின்றது என்று ஒரு தடவை நின்றுவிட்டுப் போ. வராமல் போவதானாலும் போ, வயிற்றுப் பிழைப்பு, நான் தடுக்கமாட்டேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, சுகர் வேறு. மூன்று வருடம் கழித்து நீ வரும்போது நான் இருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதையும் சொல்லி உன்னை மிரட்டவில்லை, பயமாக இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

நேற்றுப் பூசாரியிடம் போய் நடந்ததைச் சொல்லி விழுந்து கும்பிட்டேன். திருநீறு கொடுத்தார். "பையன் வருவானான்னு பூ வெச்சுக் கேக்கட்டுமாங்க?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளை வந்தால் நம்புகிற தைரியம் எனக்கு இல்லை, சிவப்பு வந்தால் தாங்குகிற தெம்பும் இல்லை. அது மட்டும் இல்லை, சாமியிடம் கேட்கிற கேள்வி இது இல்லை. உன்னிடம் கேட்கிறது. ஒரு தடவையாவது உன்னிடம் கேட்க வேண்டியதை உன்னிடமே கேட்கிறேன்.

நீ போனாலும் இருந்தாலும் இது ஒன்றை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள். கருப்பராயன் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் சொல்லை வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றுதான் சொன்னார். வேண்டாம் என்றது நான்.